பெடல் தரை வரை போனது, சேசிஸில் விரல் நுழையும் ஓட்டை: மாஸ்டர் சிலிண்டர் மாற்றினால் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தூத்துக்குடியில் ஓடும் 2011 மாடல் டீசல் எஸ்.யூ.வி., இரண்டாம் கையாக வாங்கியது. பின்னால் ஸ்பிரிங் பட்டை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வாரம் ஒரு முறை பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. இரண்டு மூன்று தடவை மிதித்ததும் மேலே வந்தது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. மெக்கானிக் ஆயில் ஊற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மாற்றினால் சரியாகிவிடும் என்றார். வண்டியைத் தூக்கியபோது இடது பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், விரல் நுழையும் அளவுக்குத் துருவோட்டை தெரிந்தது. 15 வருட ஆர்.சி. புதுப்பிப்பும் நெருங்குகிறது. மாஸ்டரை மாற்றி, ஓட்டைக்குத் தகடு வைத்து ஓட்டலாமா, அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, வீட்டாரை இந்த வண்டியில் ஏற்றலாமா என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். பட்டறை வரைக்கும்கூட ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஆயில் ஊற்றியதும் பெடல் கெட்டியாகிவிட்டது என்பதால் மனசு சமாதானம் ஆகிவிடும். ஆனால் ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்த கதைதான் அது. நீங்கள் எழுதியதிலேயே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது: ஆயில் குறைந்திருக்கிறது. பிரேக் ஆயில் எரிந்து தீருகிற பொருள் இல்லை. முன் பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே வருவதால் டப்பாவில் அளவு மெல்ல இறங்கும், அது சரி. பல மாதத்தில் ஒரு விரற்கடை. கோட்டுக்குக் கீழே போய், பெடலும் ஒரு தடவை தரையைத் தொட்டது என்றால் ஆயில் எங்கோ வெளியே போயிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெக்கானிக் சொன்ன காரணத்தை இந்தத் தடயத்தோடு வைத்துப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தால், மிதிக்கும்போது ஆயில் கப்பைத் தாண்டி அதே சிலிண்டருக்குள்ளேயே பின்னால் நழுவும். பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆனால் அந்த ஆயில் எங்கும் போகாது, டப்பாவுக்கே திரும்பிவிடும். அளவு குறையாது. ஆக, மாஸ்டர் உள்ளே தேய்ந்ததால் மட்டும் உங்கள் வண்டியில் நடந்தது நடக்காது. மாஸ்டர் மேல் பழி போட வேண்டுமானால், அது பின்பக்க சீல் வழியாக வாக்யூம் பூஸ்டருக்குள் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் வட்ட டப்பா) ஒழுக வேண்டும். அப்படி ஒழுகினால் கீழே ஒரு சொட்டும் தெரியாது, அதனால் பலர் ஏமாறுவார்கள். கண்டுபிடிப்பது எளிது: மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் கழற்றி, ஆயில் போகும் குழாயான லைனைக் கழற்றாமலே மாஸ்டரை அரை அங்குலம் முன்னால் இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் ஈரமாக இருந்தால், பூஸ்டரின் முகத்தில் பெயின்ட் உரிந்து சுருண்டிருந்தால், குற்றவாளி மாஸ்டர்தான். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். அந்த உரிந்த பெயின்ட் நல்ல சாட்சி. அங்கே காய்ந்திருந்தால் மாஸ்டரை இன்னும் வாங்க வேண்டாம்.

அடுத்த சந்தேகம் பின் சக்கர வீல் சிலிண்டர்கள், அதாவது டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்கள். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் தொப்பியை நுனி மழுங்கிய திருப்புளியால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் நின்றால் சிலிண்டர் போய்விட்டது. டிரம்முக்குள் ஈரம் என்றாலே பிரேக் ஆயில் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; ஆக்சில் சீல் போனாலும் அதே இடம்தான் நனையும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும், தண்ணீரில் கரையாது. பிரேக் ஆயில் தண்ணீர் பட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். எது நனைத்திருந்தாலும் லைனர் (டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை) ஊறிவிட்டால், அது ஒட்டியிருக்கும் ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. சூடேறியதும் ஊறிய எண்ணெய் மேலே வரும், அந்தப் பக்கச் சக்கரம் ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் வழுக்கும்.

சில வண்டிகளில் கிளட்ச் மாஸ்டருக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகும். உங்கள் வண்டியில் டப்பாவின் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய் கிளட்ச் பக்கம் போகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தக் குழாய் பொதுவாக டப்பாவின் நடுமட்டத்தில் இருக்கும்; அதன் வழி எவ்வளவு ஒழுகினாலும் பிரேக்குக்கு உரிய பங்கு அடியில் மிஞ்சும். பெடல் தரைக்குப் போனதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது பின்பக்கம் போகும் இரும்பு பிரேக் லைனும், அது முடியும் இடத்திலுள்ள ரப்பர் ஹோஸும். நீங்கள் ஓட்டையைப் பார்த்த இடத்தை வைத்துச் சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் இந்த லைன் மேல்தான். இது ஊகம்தான், கழற்றிப் பார்த்தால்தான் உறுதி. ஆனால் ஊகத்துக்குக் காரணம் இருக்கிறது. மாஸ்டரில் புறப்படும் லைன் சேசிஸை ஒட்டியே, சில இடங்களில் சட்டத்தின் இடுக்குக்குள்ளேயே போய், பின் ஆக்சிலுக்கு முன்னால் ஹோஸில் சேரும். வழி நெடுக அதைச் சேசிஸோடு பிடித்திருப்பது சின்னச் சின்ன கிளிப்புகள். அந்த ஒரு கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். வெளியே லைன் கருப்பாக, நன்றாகத்தான் தெரியும். கிளிப்புக்கு அடியில் சக்கரம் வாரி அடித்த சேறு, சிமென்ட் போல இறுகியிருக்கும். அதை விரலால் தள்ளினால் அடியில் லைன் ஊதுவத்திச் சாம்பல் மாதிரி செதில் செதிலாக உதிரும். புதுசில் அதன் விட்டம் 4.75 மி.மீ., சுவரின் கனம் சுமார் 0.7 மி.மீ. அவ்வளவுதான். அதில் பாதி துருவாகப் போனால் மிச்சம் நிற்பது தகரத் தாள் கனம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த லைன் சாதாரண மிதியில் தாங்கிக்கொள்ளும். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொன்னால், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2.2 பார். அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பிரேக் லைனுக்குள் 100 பார் வரை போகலாம். தினசரி மிதி அதில் பாதிகூட வராது. அதனால் துருப்பிடித்த லைன் கடைத்தெருவில் ஒழுங்காக வேலை செய்து, நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்தபோது வெடிக்கும். மெல்லிய ஊசித்துளையாக இருந்தால் அழுத்தம் குறைந்ததும் செதில் துளையை மூடிக்கொள்ளும். நீங்கள் இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் மேலே வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்பக்கத்துக்கு ஒரு சுற்று, பின்பக்கத்துக்கு ஒரு சுற்று என்று மாஸ்டருக்குள் இரண்டு பிஸ்டன் இருப்பதால், பின் லைன் போனாலும் முன் பிரேக் இருக்கும். பெடல் மிகக் கீழே போய், அங்கே கெட்டியாக நிற்கும். நிற்கும் தூரம் கூடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாதியில் காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பெடல் கீழே போனால் காலை எடுத்து எடுத்து வேகமாக மிதிக்க வேண்டும், கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது: பூஸ்டருக்கு வாக்யூமும் ஸ்டியரிங்குக்குப் பவரும் போய்விடும். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் உப்புக் காற்றில் கேபிளும் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். பிரேக் வேலை முடிந்த பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லைனைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியையோ ஸ்டாண்டையோ சேசிஸ் சட்டத்துக்கு அடியில் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியில் அது தகரம் மாதிரி உள்ளே போகலாம். பின் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடிக்கட்டும். மற்றவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்து லைனை முழுக்கப் பார்க்கட்டும். கையால் தடவித் தேட வேண்டாம். ஊசித்துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைக்கும். ரப்பர் ஹோஸையும் அப்போதே பாருங்கள்: மிதிக்கும்போது குமிழ் போல ஊதினால், மடக்கினால் வெடிப்பு தெரிந்தால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

இனி சேசிஸ். பொலிரோ, சுமோ, குவாலிஸ், தவேரா, ஸ்கார்பியோ எல்லாமே ஏணி மாதிரியான சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகள். ஸ்பிரிங், ஆக்சில், ஸ்டியரிங், எஞ்சின் எல்லாம் அந்த ஏணியில்தான் தொங்குகின்றன. பாடி துருப்பிடித்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஏணி துருப்பிடித்தால் சக்கரம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்காது. கடலோரத்தில் இது ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு உப்பின் குணம்தான் காரணம். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுத்துவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதல்லவா, அதேதான் வண்டிக்கு அடியிலும் நடக்கிறது. உப்பளத்து ஓரமாக ஓடும் வண்டியில், மழையே பெய்யாத மாதத்திலும் சட்டத்துக்குள் ஒட்டிய சேறு ஈரமாகவே இருக்கும்.

சட்டம் உள்ளே பொந்தாக இருக்கும் இடங்களில் துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். தண்ணீர் வடிய அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். அந்தத் துளைகள் சேற்றால் அடைபட்டால் பொந்து முழுக்க ஈர மண் தங்கும். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கும் ரப்பர் கட்டைகளின் இருக்கை, இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெல்டிங் செய்த இடம்: இவைதான் முதலில் போகும். நீங்கள் பார்த்த ஓட்டை சரியாக இதில் முதல் இடத்தில் இருக்கிறது. விரல் நுழையும் ஓட்டை என்றால் அதைச் சுற்றி எவ்வளவு தூரம் தகடு மெலிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை எழுத்தில் வாசித்துச் சொல்ல யாராலும் முடியாது. தட்டிப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்கள் ஊர்க்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. இந்த வண்டி அந்த வெள்ளத்தில் நின்றதா என்று விற்றவரைக் கேட்பதைவிட வண்டியையே கேளுங்கள். சீட் தண்டவாளத்தின் இடுக்கு, கதவுப் பலகைக்குப் பின்னால், பெல்ட் சுருளை முழுதும் இழுத்தால் வரும் கடைசி ஒரு அடி, சேசிஸ் துளைகளுக்கு உள்ளே: இந்த இடங்களில் ஒரே நிறத்தில் நைஸான வண்டல் இருந்தால் நின்ற வண்டிதான். அப்படியானால் சட்டத்தின் உள்ளே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போயிருக்க வாய்ப்பு அதிகம். இடது பக்க ஓட்டையோடு கதை முடியாது.

தட்டும் முறை சொல்கிறேன். முதலில் நல்ல அழுத்தத்தில் வாட்டர் சர்வீஸ், பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். கூர் முனையுள்ள சின்னச் சுத்தியல், கம்பி பிரஷ், பழைய திருப்புளி, சாக்கட்டி போதும். முன்னாலிருந்து தொடங்கி நாலு விரற்கடைக்கு ஒரு தட்டு, மேல், அடி, இரண்டு பக்கமும். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். நல்ல இடம் கணீரென்று ஒலித்து சுத்தியலை எகிறச் செய்யும். கெட்ட இடம் டொக்கென்று செத்த சத்தம் கொடுக்கும், சுத்தியல் எகிறாது, செதில் விழும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். பயந்து மெதுவாகத் தட்டாதீர்கள். சுத்தியலுக்கு உடையும் சேசிஸ் ரோட்டுக் குழியில் கட்டாயம் உடையும். வட்டம் போட்ட இடத்தில் திருப்புளி நுனியை வைத்து அழுத்துங்கள். மேலே பொடி மாதிரி துரு, பிரஷ் போட்டால் அடியில் இரும்பு பளிச்சென்றால் அது வெறும் மேல்துரு, கவலை இல்லை. அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தால் கனம் போய்விட்டது. துரு, அது தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் கெட்ட இடம் மெலிந்து தெரியாது, உப்பித் தெரியும். கனம் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி துறைமுக ஊரில் கிடைப்பது கஷ்டமில்லை; கப்பல் வேலை, பாய்லர் வேலை பார்க்கும் இடங்களில் வைத்திருப்பார்கள். துருவில்லாத இடத்தில் ஒரு அளவு, சந்தேகமான இடத்தில் ஒரு அளவு எடுத்து ஒப்பிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

சேசிஸ் முழுக்க கன்னங்கரேலென்று புதுசாகக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். 15 வருட வண்டியின் அடிப்பாகம் புதுசாகப் பளபளத்தால், விற்பதற்கு முன் மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். துருவின் மேல் தார் மாதிரி கோட்டிங் அடித்தால் அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். கோட்டிங்கின் மேலேயே தட்டுங்கள், சத்தம் பொய் சொல்லாது.

இப்போது வெல்டிங் விஷயம். சட்டத்தின் பக்கச் சுவரில் மட்டும் ஓட்டை, சுற்றி ஒரு சாண் தூரத்தில் கணீரென்ற இரும்பு, ஸ்பிரிங் பிராக்கெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்றால் சரி செய்யலாம். பிராக்கெட்டின் அடியில், ஸ்டியரிங் பாக்ஸ் பிடிக்கும் இடத்தில், முன் சஸ்பென்ஷன் ஆர்ம் பிடிக்கும் இடத்தில், அல்லது சட்டத்தின் மேல் அல்லது அடிப் பட்டையின் முழு அகலத்துக்கும் துரு போயிருந்தால் தகடு வைக்கும் பேச்சே வேண்டாம். வண்டி குலுங்கும்போது சட்டம் வளைவதைத் தாங்குவது மேல் பட்டையும் அடிப் பட்டையும்தான். இடைப்பட்ட நிலைமைகளில், வேலை தெரிந்த இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டு பக்கச் சட்டத்திலும் ஓட்டை இருந்தால் நான் விட்டுவிடச் சொல்வேன்.

சரி செய்யலாம் என்றால் செய்யும் விதம் முக்கியம். ஓட்டையின் மேல் தகடு வைத்து ஓரத்தில் பற்று வைப்பது வேலை இல்லை. துருப்பிடித்த விளிம்பில் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் அடியில் துரு வேலையைத் தொடரும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் மண்ணையும் செதிலையும் முழுக்க வழிக்க வேண்டும். தகடு சட்டத்தின் அசல் கனத்துக்குக் குறையக் கூடாது. பெரிய தகடானால் அதன் முனைகளை நேர்செங்குத்தாக வெட்டாமல் சாய்சதுர வடிவில் கூராக முடிக்க வேண்டும்; சட்டத்துக்குக் குறுக்கே மேலிருந்து கீழ் நேராக ஒரு வெல்டிங் கோடு போட்டால் பின்னொரு நாள் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே வெடிக்கும். கேஸ் வெல்டிங் வேண்டாம், அதிகச் சூட்டில் பக்கத்து இரும்பு மென்மையாகிவிடும், சி.ஓ.2 வெல்டிங் வையுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்தை ஒட்டியே மாட்ட வேண்டும். எங்கோ ஒரு சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். பக்கத்தில் போகும் பிரேக் லைன், டீசல் குழாய், வயரிங், எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்கிய பிறகே தீ மூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் வெளியே பிரைமர், பெயின்ட் அடிப்பதோடு, சட்டத்தின் துளைகள் வழியே உள்ளேயும் மெழுகு வகைப் பூச்சை நீள நாசில் வைத்து அடிக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும். உள்ளே அடிக்காமல் விட்டால் தகட்டின் பின்புறம் முதலில் துருப்பிடிக்கும். வடிகால் துளைகளை மூடிவிட வேண்டாம்.

சேசிஸ் தேறும் என்று தெரிந்த பிறகு பிரேக்குக்குப் பணம் செலவழியுங்கள். வரிசையை மாற்றினால் ஸ்கிராப்புக்குப் போகும் வண்டிக்குப் புது மாஸ்டர் போட்டதாக ஆகிவிடும். பின் லைன் ஒரு இடத்தில் போயிருந்தாலும் முழு நீளத்தையும் மாற்றுங்கள். கெட்ட துண்டை வெட்டி நடுவில் ஒரு நட்டு போட்டு ஒட்டினால், அடுத்த மாதம் அடுத்த கிளிப்பில் ஒழுகும். ரப்பர் குழாயும் கிளாம்பும் போட்டு இணைப்பது, பித்தளை வைத்து ஊதுவது இரண்டும் 100 பாருக்கு நிற்காது. நிக்கல் கலந்த செம்பு லைன் கிடைத்தால் அதையே போடுங்கள், கையால் வளைக்கலாம், துருப்பிடிக்காது. ஏ.சி. கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். அதிர்ந்து அதிர்ந்து இறுகி வெடித்துவிடும். லைனின் முனையை இரட்டை மடிப்பாக ஃபிளேர் செய்ய வேண்டும் (விரித்து மடிக்க வேண்டும்), ஒற்றை மடிப்பு பிளந்துகொள்ளும். பழைய முனை எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவம்தான் உட்காரும், பழைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நட்டைக் கழற்ற முந்தின நாளே துருநீக்கி ஆயில் அடித்து ஊறவிட்டு, லைன் நட்டுக்கென்றே வரும் வாய் பிளந்த ரிங் ஸ்பானரைப் போட வேண்டும். ஓப்பன் ஸ்பானர் நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஆக்சில் மேலே இரண்டு சக்கரத்துக்கும் பிரியும் சின்ன லைன்களும், பின்னால் லோடு சென்சிங் வால்வு (பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருந்தால் அதன் நெம்புகோலும் பார்க்க வேண்டியவை. அந்த வால்வின் நெம்புகோல் துருவில் இறுகி நின்றால் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் தப்பாகும்.

பிறகு ஏர் எடுப்பது, அதாவது லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. இங்கே ஒரு தவறால் நல்ல மாஸ்டரும் சாகும். இத்தனை வருடமும் பெடல் பாதி தூரம்தான் போயிருக்கும். சிலிண்டரின் அந்தப் பாதி கண்ணாடி மாதிரி இருக்கும். தரை வரை மிதிக்காத மறுபாதியில் ஈரமும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும் மும்முரத்தில் பெடலைத் தரை வரை பம்ப் செய்தால் ரப்பர் கப்பின் உதடு அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். லைன் மாற்றி இரண்டாவது நாள் பெடல் மெல்ல இறங்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குலக் கட்டை ஒன்றை வையுங்கள், அதோடு நிற்கட்டும். உங்கள் வண்டியில் பெடல் ஏற்கெனவே ஒரு முறை தரையைத் தொட்டிருப்பதால், லைன் மாற்றிய பின் ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இறங்கினால் அப்போது மாஸ்டரை மாற்றலாம், உள்ளே ரப்பரை மட்டும் மாற்றும் கிட் போட வேண்டாம், முழு மாஸ்டர். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் நம் வண்டிகளில் மாஸ்டருக்குத் தூரமான சக்கரம் இடது பின். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத டப்பா, ஒரு லிட்டர் வாங்கினால் பழையது முழுக்க வெளியேறிப் புதுசு நிறையும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது அளவுகோல், ஈரம் ஏறியதற்கு அதே அளவுகோல் 155தான். அந்த ஈரமே வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் எல்லா ரப்பரும் ஊதிப்போகும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ கழிவு ஆயிலோ ஸ்பிரே அடிக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ், புஷ், பாடி ரப்பர் கட்டை எல்லாம் அதில் ஊறிக் கெடும், டிரம்மின் இடுக்கில் போனால் லைனரும். மேலே படிந்த எண்ணெயில் உப்பு மண் இன்னும் நன்றாக ஒட்டும். வெறும் தண்ணீரில் மாதம் ஒரு முறை அடியை, சட்டத்தின் துளைகளுக்குள்ளும் விட்டு அலசினால் அதற்கு மேல் பலன்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) பற்றி. தனியார் வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அங்கே சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். எண் பொறித்த இடத்தில் துரு இருந்தால் கிரைண்டர் வைக்காதீர்கள், தகடு வைக்காதீர்கள். மென்மையான பிரஷும் எண்ணெயும் மட்டும். எண் அழிந்தால் வண்டி நல்லதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது. சேசிஸையே மாற்றும் யோசனை இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வந்துவிடும், முன் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. தகடு வைத்த சேசிஸுக்கு எஃப்.சி. கிடைக்குமா என்றால், பார்க்கும் அதிகாரியைப் பொறுத்தது. ஒன்று மட்டும் சொல்வேன்: பெயின்ட் அடித்து மறைத்து வாங்கிய எஃப்.சி. காகிதம் ஸ்பிரிங் பிராக்கெட்டைத் தாங்காது. தேறாது என்று தெரிந்தால் வேறொருவர் தலையில் கட்டாமல், பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

பட்டறைக்கு எடுத்துப் போகும்போது கயிறு கட்டியோ கொக்கி மாட்டியோ இழுக்க விடாதீர்கள். பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுத்தால் முன்னால் போகும் வண்டியில் போய் மோதும், பின்னால் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டமே பெயர்ந்து வரவும் கூடும். தட்டையான படுகை உள்ள மீட்பு வண்டியைக் கூப்பிட்டு, சக்கரங்களைப் பெல்ட்டால் கட்டச் சொல்லுங்கள். சேசிஸில் சங்கிலி போட வேண்டாம் என்று ஏற்றுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் அந்த ஓட்டையைக் காட்டிவிடுங்கள்.